ஆடாத ஐம்பது

எங்கள் தலைவருக்கு ஆடுகிற பொருள் எதுவும் பிடிக்காது. மேசை ஆடினால் காலுக்கு அட்டை வைக்கச் சொல்வார். திரைச்சீலை ஆடினால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். பதவிக்கு வந்த புதிதில் எங்கள் மின்சாரக் கட்டுப்பாட்டு அறையைப் பார்வையிட வந்தார். சுவர்த் திரையின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. 49.98. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 50.01 ஆனது. பிறகு 49.97.

"இது ஏன் நடுங்குது?" என்று கேட்டார்.

அன்றைய ஷிஃப்டுக்குப் பொறுப்பாக இருந்த மேடம் விளக்கினார். நாடு முழுக்க ஓடும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்க வேண்டும். தேவை கூடினால் துடிப்பு கொஞ்சம் தளரும், உற்பத்தி கூடினால் கொஞ்சம் எகிறும். இரண்டையும் சமமாகப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் இந்த அறைக்குச் சம்பளம்.

"நாடி மாதிரி சார். லேசா ஆடிட்டேதான் இருக்கும். ஆடாம நின்னாதான் நாம பயப்படணும்."

"எல்லாம் சரிம்மா. விருந்தாளிங்க வந்து பார்க்கிற இடம். ஐம்பதுன்னா ஐம்பதா நிக்க வேண்டாமா?"

"ஆமாம் சார்" என்றார் பக்கத்தில் நின்ற தலைமைப் பொறியாளர். அலுவலகத்தில் அவருக்கு ஆமாம்சார் என்றே பெயர். வீட்டில் மட்டும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகக் கேள்வி.

மறுவாரம் சுவரில் 50.00 என்று நின்றது. அதற்கு மறுவாரமும் நின்றது. எங்கள் மேசைத் திரைகளில் நிஜமான எண் வழக்கம்போல ஆடிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்தது வெறும் படம். நாங்கள் அதற்குக் கல்யாண போட்டோ என்று பெயர் வைத்தோம். அதில் எல்லோரும் சிரித்தபடி நிற்பார்கள். வீட்டில் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

அதோடு போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஊருக்கு வெளியே மூடிப்போன பழைய நிலக்கரி மின்நிலையம் ஒன்று உண்டு. அதன் ஜெனரேட்டரை மட்டும் நாங்கள் விட்டுவைத்திருந்தோம். நிலக்கரி இல்லை, புகை இல்லை. கொஞ்சம் கரண்டை வாங்கிக்கொண்டு, ஒரு வீடு கனத்துக்கு இருக்கும் இரும்பு உருளை இரவு பகலாகச் சுற்றும். மின்சாரம் எதுவும் தராது. அதனால் அதற்குச் சும்மாச்சுத்தி என்று பெயர்.

சும்மாச்சுத்தி இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். தலைவரும் அதைத்தான் கேட்டார். சூரியத் தகடுகளும் காற்றாலைகளும் பெருகப் பெருக, கனமாகச் சுற்றிக்கொண்டிருந்த பழைய இரும்பெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுவிட்டது. புகை போனதில் யாருக்கு வருத்தம்? ஆனால் தகட்டுக்குக் கனம் கிடையாது. காலி சைக்கிளை ஒரு சின்னக் கல் கவிழ்த்துவிடும். மூட்டை ஏற்றிய வண்டி அதே கல்லின் மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். எங்கேயாவது ஒரு லைன் திடீரென்று அறுந்தால், துடிப்பு தடாலென விழாமல் சில நொடி தாங்கிப் பிடிக்க அந்த மூட்டை வேண்டும். அதற்குள் பேட்டரிகள் சுதாரித்துவிடும். சுதாரிக்க நேரம் கிடைக்காவிட்டால், காவல் கருவிகள் யாரையும் கேட்காமல் சில பகுதிகளுக்குக் கரண்டை வெட்டிவிடும்.

எந்தப் பகுதிகள் என்பது ஏற்கெனவே முடிவானது. அதற்கு முதல் வெட்டு என்று பெயர். ஒரு காலத்தில் அதில் எல்லாத் தெருவும் இருந்தது. மேலிடத்துக்கு ஃபோன் செய்யத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவிய பிறகு, மிச்சமிருந்தது நகரத்தின் ஓரம் மட்டும்: ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி, குடிநீர்ப் பம்பு, பஸ் தொழிலாளர் குடியிருப்பு, கடைசியாகக் கொட்டகைப் பகுதி.

அந்தக் கொட்டகைப் பகுதியில்தான் என் அக்காவும் மாமாவும் மீன் வளர்க்கிறார்கள். மூன்று வட்டத் தொட்டிகள். தையல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அக்கா இறங்கிய தொழில். நெருக்கமாக வளர்க்கிற மீனுக்குக் காற்றுப் பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒரு டீ ஆறுகிற நேரத்துக்கு அப்புறம் மல்லாந்து மிதக்க ஆரம்பிக்கும். மாமாவிடம் டீசல் ஜெனரேட்டர் இருந்தது. எங்கள் அலுவலகம் 'புகையில்லாத் தொழில்' என்றொரு திட்டம் போட்டு, டீசல் ஜெனரேட்டரை ஒப்படைப்பவர்களுக்குப் பச்சை நிறத் தகரப் பலகை கொடுத்தது. "உங்க ஆபீஸ்ல எழுதியே குடுத்திருக்காங்க மாப்ளே, இனிமே கரண்டே போகாதாம்" என்று மாமா அதைக் கொட்டகைக் கதவில் திருகி மாட்டினார். அந்த வாரம்தான் மீன் பிடித்து விற்க நாள் குறித்திருந்தார்கள்.

அந்த வாரமேதான் தலைவரும் விழாவுக்கு நாள் குறித்திருந்தார்.

முழுப் பசுமை நாள். உச்சி வெயிலில் நாட்டின் மொத்த மின்சாரமும் சூரியன், காற்று, தண்ணீர் மூன்றிலிருந்தே வரும். உண்மையிலேயே பெரிய விஷயம். எங்கள் அறைக்குப் பின்னால் கண்ணாடிக்கு அப்பால் விருந்தினர் மாடம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் நாங்கள் தொட்டி மீன்கள் மாதிரித் தெரிவோம். விருந்தாளிகள் அங்கே உட்கார்ந்து சுவர் வரைபடத்தைப் பார்ப்பார்கள். எல்லாம் பச்சைப் புள்ளிகள். ஒரே ஒரு கறுப்புப் புள்ளி: பழைய நிலையம்.

"அந்தக் கறுப்பு ஏன் இருக்கு?" என்றார் தலைவர், முந்தின நாள் எங்கள் அறையில் நடந்த கூட்டத்தில்.

"அது சும்மா சுத்துது சார்" என்றார் ஆமாம்சார்.

"சும்மா சுத்துறதை எதுக்கு வெச்சிருக்கோம்? நிறுத்திடுங்க."

மேடம் வாய் திறக்குமுன் நான் திறந்துவிட்டேன். "சார், அதுல புகையே வராது. அது நின்னா சின்ன அடியைக் கூட தாங்காது. புள்ளி நிறம்தான் பிரச்சினைன்னா பச்சை அடிச்சுடலாம்."

தலைவர் என்னை வருத்தத்தோடு பார்த்தார். "பொய் சொல்லச் சொல்றீங்களா தம்பி? ஜனங்ககிட்ட ஒரு நிறத்தைக் காட்டிட்டு உள்ள வேற நடத்துறதா? நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது."

அவருக்குப் பின்னால் சுவரில் 50.00 என்று நின்றுகொண்டிருந்தது. மேடம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு நாளைக்காவது தள்ளி வைக்கலாம் சார்" என்றேன்.

ஆமாம்சார் சிரித்தார். "சார், இவன் அக்கா வீட்டுக்காரர் கொட்டகைப் பக்கம் மீன் வளர்க்கிறார். அதான் நாட்டு மேல இவ்வளவு அக்கறை."

கூட்டமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். "மீன்காரரா" என்றார், அன்பாக.

அதோடு முடிந்தது. நான் சொன்னது சரியா தவறா என்று அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை. என் வாயில் மீன் வாடை வந்துவிட்டது. ஒரு வரி சொன்னாலும் மீனுக்காகச் சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் மீன் செத்துவிடும். இந்த அழகான பொறியை ஆமாம்சார் யோசித்துச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவருக்கு அது தானாக வருகிறது.

போகும்போது அவர் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். "நாளைக்கு விழா முடியிற வரைக்கும் நான் வாயால சொல்லாம யாரும் ஒரு சுவிட்சைத் தொடக்கூடாது. மேடம், உங்களுக்கும்தான்."

வீட்டுக்குப் போகும் வழியில் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். "நாளைக்கு யார்கிட்டயாவது ஜெனரேட்டர் வாடகைக்குக் கேளு."

"ஏண்டா, கரண்ட் போகுமா?"

"போகும்னு சொல்லல. போகலாம்."

"உங்க ஆபீஸ் போர்டு போகாதுன்னு சொல்லுது. நீ போகலாம்ங்கிறே. ரெண்டு பேரும் உள்ளயே பேசி ஒரு முடிவுக்கு வாங்க." ஆனாலும் மாமா போய்க் கேட்டிருக்கிறார். சுற்று வட்டாரத்தில் இருந்த ஜெனரேட்டர் எல்லாம் விழாப் பந்தலுக்குப் போய்விட்டன.

விழா நாளில் வெயில் கணக்காக அடித்தது. தலைவர் மாடத்தில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தானை அமுக்கினார். அந்தப் பொத்தானின் வயர் மேசைக்கு அடியில் ஒரு முடிச்சோடு முடிந்துபோனது. ஆமாம்சார் ஃபோனில் "நிறுத்து" என்றார். மேடம் என்னைப் பார்த்தார். நான் நிறுத்தினேன். கறுப்புப் புள்ளி அணைந்தது. கண்ணாடிக்கு அப்பால் கைகள் தட்டின, சத்தம் கேட்கவில்லை.

மேசைத் திரையில் எண்ணின் ஆட்டம் உடனே மாறியது. அதுவரை மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது, படியேறி வந்தவன் போல இறைக்க ஆரம்பித்தது.

"பரவாயில்ல" என்றார் மேடம். "எதுவும் அறுந்து விழாம இருந்தா தாங்கிடும்."

அப்போதுதான் விருந்தாளிகள் மொட்டை மாடிக்குப் போனார்கள், பலூன் விட.

பலூன் ஆமாம்சாரின் யோசனை. பச்சை நிறம், பளபளவென்று வெள்ளிக் காகிதம் மாதிரி மின்னும் ரகம். அந்தப் பளபளப்பில் மின்சாரம் பாயும் என்று முதல் வருடத்திலேயே பாடம் நடத்துவார்கள். எங்கள் மாடிக்கு அடுத்த காம்பவுண்டில் துணைமின் நிலையம் இருக்கிறது. சூரியப் பூங்காவின் பெரிய லைன் அங்கேதான் வந்து இறங்குகிறது. காற்றும் அந்தப் பக்கம்தான் வீசியது. இத்தனை பேர் பொறியியல் படித்த கட்டடத்தில், ஐம்பது சேர்ந்த ஒரு பலூன் கொத்தை மின்கம்பியை நோக்கி அனுப்பிவிட்டுக் கை தட்டினோம்.

பட்டாசு போல ஒரு வெடி கேட்டது. மாடியில் மறுபடி கைத்தட்டல்.

என் திரையில் 49.9 என்று படித்தேன். படித்து முடிக்குமுன் 49.5. வாயைத் திறக்குமுன் 49.2. பிறகு அது நின்று, ஏற ஆரம்பித்தது. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. காவல் கருவிகள் செய்தன. முதல் வெட்டு விழுந்துவிட்டது. என் மேசைத் திரை வரைபடத்தின் ஓரத்தில் நாலு பகுதிகள் இருண்டிருந்தன.

எங்கள் கட்டடத்தில் ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. அதற்குத் தனி பேட்டரி.

நாங்கள் ஓடினோம், கத்தினோம், ஆளுக்கு இரண்டு ஃபோன் பிடித்தோம். நீர்மின் அணைக்காரர்களிடம் கெஞ்சினோம். விருந்தாளிகள் மாடியிலிருந்து இறங்கி மாடத்துக்கு வந்து, கையில் டீயோடு எங்களைப் பார்த்தார்கள். ஒரு அம்மா தன் பேத்தியைத் தூக்கிக் காட்டினார். இரண்டு பேர் படம் எடுத்தார்கள். இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிற அரசு அலுவலர்களை அவர்கள் பார்த்ததே இல்லை.

துடிப்பு ஓரளவு நிலைக்கு வந்ததும் ஆமாம்சாரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடிக்கு அப்பால் தலைவருக்குப் பக்கத்தில் நின்றபடி ஃபோனை எடுத்தார்.

"சார், பூங்கா லைன் போயிடுச்சு. முதல் வெட்டு விழுந்துடுச்சு."

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "ஐம்பதுலதானேப்பா நிக்குது."

"சார், அது படம்."

"எது?"

"சுவர்ல இருக்கிறது. நீங்க மாட்டச் சொன்ன படம்."

அவர் மறுபடி சுவரைப் பார்த்தார். தானே மாட்டிய படத்தைத் தினம் பார்த்துப் பார்த்து, மனிதர் அதை நம்ப ஆரம்பித்திருந்தார். கண்ணாடி வழியாக அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பதைப் பார்த்தேன். பிறகு அது பழையபடி ஆனதையும் பார்த்தேன்.

"இப்ப என்ன வேணும்?"

"கட்டான ஏரியாவுக்குத் திரும்பக் குடுக்கணும். நீங்க வாயால சொல்லணும்."

"தலைவர் இப்பதான் மைக்ல சொன்னார், ஒரு நொடிகூடத் தடை இல்லாத நாள்னு. போகாத கரண்டை எப்படிப்பா திரும்பக் குடுக்கச் சொல்வேன்?"

"சார், ஆஸ்பத்திரி இருக்கு அதுல."

"இரு, அவர் கிளம்பட்டும்" என்று வைத்துவிட்டார். கண்ணாடிக்கு அப்பால் யாரோ அவரிடம் பிஸ்கட் தட்டை நீட்டினார்கள். ஒன்று எடுத்துக்கொண்டார்.

என் பையில் ஃபோன் அதிர்ந்தது. அக்கா.

"பம்பு நின்னுடுச்சுடா. எல்லாம் மேல வந்துடுச்சு. மாமா வாளியால மொண்டு மொண்டு மேல இருந்து ஊத்துறார், கொஞ்சமாவது காத்து சேரட்டும்னு. ஒரு தொட்டிக்கு ஊத்தினா மத்த ரெண்டும் வாயைப் பிளக்குது. எப்ப வரும்?"

"பார்க்கிறேன்க்கா."

"பார்க்கிறேன்னா என்ன, நிமிஷத்துல சொல்லு."

ஃபோனைப் பைக்குள் போட்டேன். மேடம் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபது வருடமாக இந்த அறையில் இருப்பவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"அவர் வாய்ல பிஸ்கட் இருக்கு. என் வாய் சும்மாதான் இருக்கு. நான் சொல்றேன், திரும்பக் குடு. கேட்டா ஷிஃப்ட் சொன்னதுன்னு சொல்லு."

"எதை முதல்ல மேடம்?"

அவர் நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். "நீ எதை முதல்ல போட்டாலும் நான் பார்க்கல."

நல்ல மனுஷி. அந்த நிமிடம் அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் விரல் என்னுடையது. கொட்டகை லைனின் பெயர் திரையில் கடைசி வரியில் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும், தொட்டிகளில் காற்று குமிழிடும். அதற்கு மேல் வரியில் குடியிருப்பு, அதற்கு மேல் குடிநீர்ப் பம்பு, எல்லாவற்றுக்கும் மேல் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருக்கலாம். அவர்களும் பச்சைப் பலகை வாங்கியிருக்கலாம். எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியை முதலில் போட்டேன்.

சும்மாச்சுத்தி ஓடிக்கொண்டிருந்தால் நாலையும் தடதடவென்று போட்டிருப்பேன். இப்போது ஒவ்வொரு லைனைச் சேர்க்கும்போதும் துடிப்பு குடிகாரன் மாதிரித் தள்ளாடியது. அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போட்டதும் சேர்த்து விழும். ஆஸ்பத்திரி. காத்திருந்தேன். குடிநீர். காத்திருந்தேன். ஃபோன் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. குடியிருப்பு. காத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் கை, அசைவே இல்லாமல் நின்ற ஐம்பதைச் சுட்டிக்காட்டியது.

கடைசியாகக் கொட்டகை. அதற்குள் ஃபோன் அதிர்வது நின்றிருந்தது.

நானே கூப்பிட்டேன். "வந்துடுச்சாக்கா?"

"வந்துடுச்சு." பின்னால் பம்பு ஓடும் சத்தம் கேட்டது. "ரெண்டு தொட்டி போச்சு."

எழுந்தேன். சுவர்த் திரைக்கு ஒரு சின்னக் கணினி உண்டு, அறை மூலையில். அதில் படத்தை எடுத்துவிட்டு நிஜ எண்ணைக் கொடுக்க ஒரே கட்டத்தில் ஒரு டிக் போதும். போட்டேன்.

ஆள் உயர எண் விழித்துக்கொண்டது. 49.91. 50.06. 49.88. மாடத்தில் எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. பேத்தியைத் தூக்கி வைத்திருந்த அம்மா அவளைக் கீழே இறக்கினார். தலைவர் மைக்கை எங்கள் பக்கம் திருப்பினார். அவர் குரல் எங்கள் ஒலிபெருக்கியில் வந்தது.

"என்ன அது? ரிப்பேரா?"

பதில் மைக் என் மேசையில்தான் இருந்தது. "இல்ல சார். இவ்வளவு நாள் ரிப்பேரா இருந்துச்சு. இப்ப சரி பண்ணிட்டோம்."

ஆமாம்சார் வாயைத் திறந்தார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக என்ன சொல்வதென்று தெரியாமல் மூடினார். மீன் மாதிரியே இருந்தது.

விழா முடிவதற்குள் என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். காரணம்: விருந்தினர் காட்சித் திரையைச் சேதப்படுத்தியது. பலூனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மின்தடை பற்றியும் இல்லை. நடக்காத ஒன்றுக்கு எப்படிக் காரணம் எழுதுவது? மேடத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போகும்போது அவர், "அங்கயாவது சுவர்ல ஒண்ணும் மாட்டாம இருக்காங்களான்னு பார்க்கிறேன்" என்றார்.

சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். அக்கா பிளாஸ்டிக் கூடைகளில் செத்த மீன்களை வாரிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"எங்க லைனை எத்தனாவதா போட்டே?"

"கடைசியா."

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"முதல்ல எது?"

"ஆஸ்பத்திரி."

குனிந்து, நிறைந்த கூடை ஒன்றின் ஒரு பக்கத்தைப் பற்றினாள். "அந்த ஓரத்தைப் பிடி, கனமா இருக்கு" என்றாள். பிடித்தேன்.

மாமா கதவுப் பக்கம் ஸ்க்ரூடிரைவரோடு நின்றார். பச்சைப் பலகையைக் கழற்றி எடுத்து வந்து, அதைச் சாய்த்துப் பிடித்துத் தொட்டியின் அடியில் கிடந்த மீன்களை வழித்தெடுத்தார். தகரம் நல்ல கனம். வழிக்க வசதியாக இருந்தது.

"மாப்ளே," என்றார், "உங்க தலைவருக்கு ஒரு கூடை அனுப்பட்டுமா?"

"எதுக்கு மாமா?"

"அவருக்கு ஆடுற பொருளே பிடிக்காதுன்னு சொன்னியே." மாமா பலகையிலிருந்த மீன்களைக் கூடையில் கவிழ்த்தார். "இது ஒண்ணுகூட ஆடாது."